சுவிட்ச் அறியாத கடவுச்சொல்

2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகராட்சி ஒரு விசித்திரமான நெருக்கடியில் சிக்கிக்கொண்டது. நகராட்சி அலுவலகங்களை எல்லாம் ஒன்றோடொன்று இணைக்கும் கணிப்பொறி வலையமைப்பு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. மின்னஞ்சல்கள் போய் வந்தன. சம்பளப் பட்டியல்கள் தயாராயின. காவல்துறை ஆவணங்களும் வழக்கம்போல் பயணம் செய்தன. ஆனால் அந்த வலையமைப்பின் கருவிகளுக்குள் நுழைந்து ஒரு சிறு மாற்றம் செய்ய நகராட்சியில் எவராலும் இயலவில்லை. அவற்றின் கடவுச்சொற்களை அறிந்தவர் ஒரே ஒரு பொறியாளர். அவரோ மேலதிகாரிகளிடம் அவற்றைச் சொல்ல மறுத்துவிட்டார். கைது செய்யப்பட்டார், அப்போதும் சொல்லவில்லை. ஒரு வாரத்திற்கும் மேலான பிறகு, நகர மேயரே சிறைக்குச் சென்று பார்த்தபோது, அவரிடம் மட்டும் சொன்னார். 2010இல் நீதிமன்றம் அந்தப் பொறியாளருக்கு நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

வீட்டுக்குள் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது, சாவி மட்டும் இல்லை என்றால் எப்படியிருக்கும்? அந்த நிலைதான் அது. இத்தனை பாடுபட வைத்த சாவி எங்கே இருக்கிறது, அதைப் பூட்டு எவ்வாறு அடையாளம் காண்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பெட்டிக்கு எதற்குப் பூட்டு?

சுவிட்ச் என்றவுடன் சுவரில் உள்ள விளக்குப் பொத்தான் உங்கள் நினைவுக்கு வரும். இங்கே நாம் பேசுவது வேறு. வங்கியிலோ கல்லூரி ஆய்வுக்கூடத்திலோ ஒரு மூலையில், வரிசையாக 24 அல்லது 48 துளைகளும், துளைக்கொரு கேபிளும், மினுக்மினுக்கென்று எரியும் பச்சை விளக்குகளுமாக ஒரு தட்டையான பெட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் வலையமைப்புச் சுவிட்ச். ஒவ்வொரு கணிப்பொறியின் இணைப்பு அட்டைக்கும் 48 பிட் நீளமுள்ள ஒரு முகவரி உண்டு. எந்த முகவரி எந்தத் துளையின் பின்னால் இருக்கிறது என்பதைச் சுவிட்ச் தானாகவே கற்றுக்கொண்டு ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பிறகு வரும் செய்தியை எல்லாத் துளைகளுக்கும் இரைக்காமல், உரிய துளைக்கு மட்டும் அனுப்புகிறது. புதிதாக மாற்றலாகி வந்த தபால்காரர் நாலைந்து நாட்களில் தெருவைப் பழகிக்கொள்வதைப் போன்றது இது.

இந்த வேலைக்குக் கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. உண்மையில், கடையில் மலிவாகக் கிடைக்கும் சிறிய சுவிட்சுகளில் அது கிடையாது. கேபிளைச் செருகினால் போதும். ஆனால் பெரிய நிறுவனங்களில் உள்ள சுவிட்சுகள் கட்டளைகளை ஏற்பவை. ஐந்தாம் துளையை மூடு என்றால் மூடும். ஒரே பெட்டியில் செருகப்பட்டிருந்தாலும், மாணவர்களின் கணிப்பொறிகளும் கணக்கு அலுவலகத்தின் கணிப்பொறிகளும் ஒன்றையொன்று காணாதபடி பிரித்துவை என்றால் பிரித்து வைக்கும். இன்னொரு கட்டளையும் உண்டு. ஒரு துளை வழியாகச் செல்வன எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து மற்றொரு துளைக்கு அனுப்பு என்பது அது. பழுது பார்க்கும் பொறியாளருக்கு இது மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்பைப் போல இன்றியமையாதது. பிறர் கையில் இதுவே ஒட்டுக்கேட்கும் கருவி. சுவிட்சின் அதிகாரம் ஒருவன் கையில் கிடைத்துவிட்டால், அந்த நிறுவனத்தின் ஒவ்வொரு கணிப்பொறியையும் அவன் தனித்தனியே உடைக்க வேண்டியதில்லை. எல்லாரும் கடந்து போகும் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம்.

ஒரு பெயர், பல கைகள்

ஆகவே கட்டளையை ஏற்குமுன் சுவிட்ச் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. நீ யார்? உனக்கு எவ்வளவு அனுமதி? முதற் கேள்விக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் விடையாகின்றன. இரண்டாவதற்கு, எடுத்துக்காட்டாக, சிஸ்கோ நிறுவனத்தின் சுவிட்சுகளில் 0 முதல் 15 வரை பதினாறு அதிகாரப் படிகள் உள்ளன. படி 1இல் இருப்பவர் சில விவரங்களைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. படி 15இல் இருப்பவர் எதையும் செய்யலாம். இடைப்பட்ட படிகளுக்கு எந்தெந்தக் கட்டளைகள் என்பதை நாமே வகுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் பல இடங்களில் நடப்பது என்ன? 'அட்மின்' என்று ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல், அது நாலு பேருக்குத் தெரியும். நள்ளிரவில் ஒரு துளை மூடப்பட்டு மறுநாள் காலை ஒரு பிரிவே வேலையிழந்து நின்றால், சுவிட்சின் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கிறார்கள். 'அட்மின் மூடினார்' என்றிருக்கும். வருகைப் பதிவேட்டில் எல்லாரும் ஒரே ஆளின் கையெழுத்தைப் போட்டு வைத்ததைப் போலத்தான். அதுமட்டுமன்று. நால்வரில் ஒருவர் வேலையை விட்டுப் போனால், நாற்பது சுவிட்சுகளிலும் கடவுச்சொல்லை மாற்றி, எஞ்சிய மூவருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு கணக்கு இருந்தால், போனவருடைய பெயரை மட்டும் நீக்கினால் வேலை முடிந்தது.

நாற்பது சுவிட்சுகளில் நாற்பது முறை நீக்குவதும் தொல்லையே. எனவே பெரிய அமைப்புகளில் பெயர்ப் பட்டியலை ஒரு மையக் கணிப்பொறியில் வைத்துவிடுகிறார்கள். ரேடியஸ், டக்காக்ஸ் பிளஸ் என்ற இரண்டு முறைகள் இதற்குப் பெயர் பெற்றவை. யாராவது வாசலுக்கு வந்தால் சுவிட்ச் மையத்தைக் கேட்டு விடை பெறும். மையத்தோடு தொடர்பே அறுந்துபோனால்? அந்த ஆபத்துக்காக ஒவ்வொரு சுவிட்சிலும் ஓர் உள்ளூர்க் கணக்கும் வைப்பார்கள். அதன் கடவுச்சொல்லை உறையிலிட்டு, அரக்கு வைத்து, நிறுவனத்தின் இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பது நல்ல வழக்கம். காலத்துக்கு ஒவ்வாத முறையாகத் தோன்றலாம். ஆனால் அப்படி ஓர் உறை இருந்திருந்தால் சான் பிரான்சிஸ்கோ மேயர் சிறைச்சாலைக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

சுவிட்ச் எதை நினைவில் வைக்கிறது?

இனி இதன் சுவையான பகுதிக்கு வருவோம். நீங்கள் சொல்லும் கடவுச்சொல் சரிதானா என்று சுவிட்சுக்கு எப்படித் தெரியும்? தன்னிடம் அதை எழுதி வைத்திருந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். கணிப்பொறிகளின் தொடக்க காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில், பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்தும் கணிப்பொறி ஒன்று இயங்கியது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் பெர்னாண்டோ கோர்பட்டோ. அங்கே ஒருநாள் இரண்டு கோப்புகள் இடம் மாறிவிட்டன. நுழைவோரை வரவேற்கும் அறிவிப்புக் கோப்புக்குப் பதிலாகக் கடவுச்சொல் கோப்பு வந்து உட்கார்ந்தது. அன்று உள்ளே நுழைந்தவர்கள் எல்லாருக்கும் எல்லாருடைய கடவுச்சொல்லும் வரவேற்புச் செய்தியாகக் காட்சியளித்தன!

சுவிட்சின் அமைப்பு விவரங்கள் ஓர் எளிய எழுத்துக் கோப்பாகவே இருக்கின்றன. அந்தக் கோப்பு ஓரிடத்தில் நில்லாது. காப்புக்காக நகல் எடுப்பார்கள். பழுது வந்தால் நிபுணருக்கு அனுப்புவார்கள். அச்சிட்டு மேசைமேல் வைப்பார்கள். அதில் கடவுச்சொல் அப்படியே இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதற்குச் சிஸ்கோ சுவிட்சுகளில் பழைய மாற்று ஒன்று உண்டு. '7ஆம் வகை' என்று அதைக் குறிப்பர். இதில் கடவுச்சொல்லின் ஒவ்வோர் எழுத்தும் ஒரு சாவி எழுத்தோடு கலக்கப்படுகிறது. கலக்கும் முறை எளிது. ஆங்கிலச் சிறிய எழுத்து 'சி'யின் குறியெண் 99. இரும எண்ணில் 01100011. சாவியில் அந்த இடத்தில் 'எஃப்' இருக்கிறது என்போம். அதன் எண் 102, அதாவது 01100110. இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, பிட்டுகள் ஒத்திருந்தால் 0 என்றும், மாறுபட்டால் 1 என்றும் குறியுங்கள். 00000101, அதாவது 5 கிடைக்கும். கோப்பில் 05 என்றுதான் எழுதப்படும். பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. ஆனால் அந்த 00000101ஐ மீண்டும் அதே 01100110 உடன் கலந்து பாருங்கள். பழைய 01100011 திரும்ப வந்துவிடும்! தாளும் பென்சிலும் எடுத்து நீங்களே செய்து பார்க்கலாம்.

சாவி இரகசியமாக இருந்தால் சரி. ஆனால் இங்கே சாவி என்பது ஐம்பத்துச் சொச்சம் எழுத்துகள் கொண்ட ஒரே தொடர்; உலகெங்கும் இவ்வகைக் கருவிகள் எல்லாவற்றிலும் அதுவேதான். சாவித் தொடரில் எந்த எழுத்திலிருந்து தொடங்குவது என்பதையும் கோப்பிலுள்ள முதல் இரண்டு இலக்கங்களே சொல்லிவிடுகின்றன. 1990களிலேயே அந்தத் தொடர் வெளியாகிவிட்டது. இன்று ஒரு நொடியில் அதை அவிழ்க்கலாம். இதை ஏமாற்று வேலை என்று சொல்லிவிடவும் முடியாது. தோளுக்குப் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்ப்பவரிடமிருந்து மறைப்பதே இதன் நோக்கம். அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்த்ததுதான் தவறு. கதவுக்குத் திரைச்சீலை போட்டுவிட்டுப் பூட்டியதாக நினைத்துக்கொள்ளலாமா?

திரும்பாத பாதை

ஒரு குவளை நீரில் ஒரு சொட்டு மையை விடுங்கள். மை பரவிக் கலந்துவிடும். கலந்த நீரிலிருந்து அந்தச் சொட்டு தானாக ஒன்றுகூடித் திரும்பி வருவதை யாரும் பார்த்ததில்லை. இயற்பியலில் இத்தகையவற்றை மீளா நிகழ்வுகள் என்கிறோம். கணிதத்திலும் இதையொத்த செயல்கள் உண்டு. ஓர் எளிய மாதிரி சொல்கிறேன். 4567 என்ற எண்ணை அதனாலேயே பெருக்கினால் 20857489. இதன் நடுவிலுள்ள நான்கு இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்: 8574. ஒரு பள்ளி மாணவர் ஒரு நிமிடத்தில் இதைச் செய்துவிடுவார். இப்போது அவரிடம் 8574ஐ மட்டும் கொடுத்து, நான் எந்த எண்ணில் தொடங்கினேன் என்று கேளுங்கள். இரு புறமும் வெட்டி எறிந்த இலக்கங்கள் இல்லாமல் அவர் விழிப்பார்.

இப்படி ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் இயலாததாகவும் உள்ள கணக்கீட்டை 'ஹாஷ்' என்பர். மெய்யான ஹாஷ் கணக்குகள் என் மாதிரியைவிடப் பன்மடங்கு சிக்கலானவை. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் விடை முழுவதும் உருமாறிவிடும். இதைக் கொண்டு சுவிட்ச் செய்வது இதுதான்: உங்கள் கடவுச்சொல்லை முதன்முறை பெற்றதும் அதன் ஹாஷைக் கணக்கிட்டு, அதை மட்டும் எழுதிக்கொண்டு, கடவுச்சொல்லை மறந்துவிடுகிறது. அடுத்த முறை நீங்கள் வந்து சொல்லும்போது மீண்டும் கணக்கிடுகிறது. இரு விடைகளும் ஒன்றானால் கதவைத் திறக்கிறது. உங்களை அடையாளம் காண உங்கள் இரகசியத்தைச் சுவிட்ச் அறிந்திருக்க வேண்டியதே இல்லை! எத்தனை அழகிய எண்ணம் பாருங்கள். கோப்பைத் திருடியவனுக்கும் 8574தான் கிடைக்கும், 4567 கிடைக்காது.

ஆனால் திருடன் சும்மா இருப்பதில்லை. என் மாதிரிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நான்கு இலக்க எண்கள் மொத்தம் பத்தாயிரம்தான். ஒவ்வொன்றாகப் பெருக்கிப் பார்த்துக்கொண்டே போனால் எங்காவது 8574 வந்து சிக்கும். மையைப் பிரித்தெடுக்க அவன் முயல்வதில்லை. ஒவ்வொரு மையாக ஊற்றி, நிறம் ஒத்து வருகிறதா என்று பார்க்கிறான்.

1979இல் பெல் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் ராபர்ட் மாரிஸ், கென் தாம்ப்சன் ஆகிய இருவரும் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 15 ஒற்றை எழுத்துகள், 72 இரண்டெழுத்துகள், 464 மூன்றெழுத்துகள். அகராதிச் சொற்கள், பெயர்கள் முதலானவற்றையும் சேர்த்தால் 86 விழுக்காடு எளிதில் ஊகிக்கத்தக்கவையாக இருந்தன. நாற்பதாண்டுகளுக்கு மேலாகியும் மனித இயல்பு அதிகம் மாறிவிடவில்லை என்பது என் எண்ணம்.

அக்கட்டுரையில் அவர்கள் விளக்கிய இரண்டு தற்காப்புகள் இன்றும் நம்மைக் காக்கின்றன. ஒன்று, 'உப்பு'. கடவுச்சொல்லோடு கணக்கிற்கொன்றாகத் தற்செயலான சில எழுத்துகளைத் தூவிவிட்டு ஹாஷ் எடுப்பது. உப்பு இரகசியமன்று, ஹாஷின் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். பின் என்ன பயன்? ஒரே கடவுச்சொல்லை இருவர் வைத்திருந்தாலும் விடைகள் வெவ்வேறாக இருக்கும். திருடன் முன்கூட்டியே ஒரு பெரிய விடைப் பட்டியலைத் தயாரித்து வைத்துக்கொண்டு எல்லாரிடமும் பயன்படுத்த முடியாது. ஒவ்வொருவருக்கும் தனியே பாடுபட வேண்டும்.

மற்றொன்று, வேண்டுமென்றே மெதுவாகக் கணக்கிடுவது. இதன் வலிமையை எண்களில் பார்ப்போம். ஆங்கிலச் சிறிய எழுத்துகள் எட்டைத் தற்செயலாக அடுக்கினால் 26இன் எட்டாம் படி, அதாவது சுமார் 20,882 கோடி வகைகள் கிடைக்கும். பெரிய எண்தான். ஆனால் விளையாட்டுப் பிரியர்கள் தம் கணிப்பொறியில் பொருத்தும் வரைகலை அட்டை, எளிய ஹாஷ்களை விநாடிக்கு நூறு கோடிக்கு மேல் கணக்கிடும். விநாடிக்கு நூறு கோடி என்றே கொண்டாலும், 209 விநாடிகளில் எல்லாவற்றையும் முயன்று முடித்துவிடும். தேநீர் ஆறுவதற்குள் கடவுச்சொல் வெளியாகிவிடும்! இப்போது ஒரே ஹாஷுக்குப் பதிலாக, விடையை மீண்டும் மீண்டும் உள்ளே செலுத்தி 20,000 முறை கணக்கிட வேண்டும் என்று விதி வைப்போம். வாசலில் நிற்கும் உங்களுக்கு அந்தத் தாமதம் பெரிதன்று. திருடனுக்கோ 209 விநாடி ஏறத்தாழ 48 நாளாகிவிடுகிறது. கடவுச்சொல்லில் மேலும் நான்கு எழுத்துகளைத் தற்செயலாகச் சேர்த்துவிட்டால், அந்த 48 நாள் சுமார் 60,000 ஆண்டுகளாகும்.

சிஸ்கோவின் '8ஆம் வகை' இந்த 20,000 முறையைத்தான் பயன்படுத்துகிறது. '9ஆம் வகை' காலத்தோடு நினைவகத்தையும் ஏராளமாகக் கேட்டுத் திருடனின் செலவை உயர்த்துகிறது. இவற்றுக்கு முந்திய '5ஆம் வகை' உப்புச் சேர்த்து 1,000 முறை கணக்கிடுவது.

இடையில் வந்த '4ஆம் வகை'யின் கதை சுவையானது. 5ஆம் வகையைவிட வலுவாக இருக்க வேண்டுமென்று உப்பும் 1,000 சுற்றுகளும் கொண்டதாக அதைத் திட்டமிட்டார்கள். ஆனால் நிரலாக எழுதியபோது உப்பும் விடுபட்டது. சுற்றும் ஒன்றே ஒன்றாகிவிட்டது. 2013இல் சிஸ்கோ நிறுவனமே இதை ஒப்புக்கொண்டு அறிவித்தது. புதியது பழையதைவிட வலுவற்றதாகப் பிறந்திருந்தது! அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2022இல் வெளியிட்ட வழிகாட்டியில் 4ஆம், 7ஆம் வகைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றும், 8ஆம் வகையைப் பயன்படுத்துக என்றும் கூறியுள்ளது.

அப்படியானால் 7ஆம் வகையை ஏன் அடியோடு ஒழிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சில இடங்களில் சுவிட்சே வேறொரு கணிப்பொறியிடம் போய்த் தன் கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன மையக் கணிப்பொறியோடு பேசும்போது இருவருக்கும் பொதுவான ஓர் இரகசியம் தேவை. அதைச் சுவிட்ச் மறந்துவிட முடியாது. ஹாஷாக வைத்தால் திரும்பப் பெற முடியாது. இத்தகையவற்றுக்கு மீட்கக்கூடிய மறைப்புதான் வழி. ஆனால் சாவி அந்தந்தக் கருவிக்கே உரியதாக இருக்க வேண்டும். '6ஆம் வகை' அப்படிப்பட்டது.

வழியில் சிந்தும் இரகசியம்

பெட்டிக்குள் எவ்வளவு பத்திரமாக வைத்தாலும், கடவுச்சொல் உங்கள் விரலிலிருந்து சுவிட்ச் வரை பயணம் செய்தாக வேண்டும். டெல்நெட் என்ற பழைய முறையில் ஒவ்வோர் எழுத்தும் வெளிப்படையாகவே கம்பியில் செல்லும். 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ இவ்வாறு கடவுச்சொற்களைப் பொறுக்கினார்கள். அதைக் கண்ட டாட்டு இலோனன் என்பவர் எழுதிய மாற்று முறைதான் எஸ்.எஸ்.ஹெச். முழு உரையாடலையும் மறைகுறியாக்கி அனுப்புவது அது. இன்று சுவிட்சுகளில் டெல்நெட்டை மூடிவிட்டு இதைத் திறந்து வைப்பதே முறை.

ஆலையிலிருந்து வரும்போதே கருவிக்குள் இருக்கும் கடவுச்சொல்லையும் பலர் மாற்றுவதில்லை. 2016இல் 'மிராய்' என்ற நச்சு நிரல், இத்தகைய ஆலைக் கடவுச்சொற்கள் அறுபதுக்கும் மேற்பட்டவற்றின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, இலட்சக்கணக்கான கேமராக்களையும் வீட்டு ரூட்டர்களையும் பிடித்தது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படையைக் கொண்டு நடந்த தாக்குதலில் அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் திறக்காமல் போயின. கலிபோர்னியாவில் 2020 முதலும், பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதலும், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்து விற்பது சட்டப்படி தடுக்கப்பட்டுள்ளது.

மறந்துபோனால்?

ஹாஷ் முறையில் ஒரு சங்கடம் உண்டு. கடவுச்சொல்லை நீங்கள் மறந்துவிட்டால் சுவிட்சாலும் நினைவூட்ட முடியாது; அதற்கே தெரியாதே! எனவே தயாரிப்பாளர்கள் ஒரு பின்வாசலை வைத்திருக்கிறார்கள். சிஸ்கோவின் பல சுவிட்சுகளில் முன்பக்கத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டே மின்சாரத்தைக் கொடுத்தால், சுவிட்ச் தன் அமைப்புக் கோப்பைப் படிக்காமல் விழித்தெழச் செய்யலாம். பிறகு புதிய கடவுச்சொல்லை இட்டுவிடலாம். இதற்குத் தொலைவிலிருந்து வழியில்லை. பெட்டியின் அருகில் நிற்க வேண்டும். ஆகவே சுவிட்ச் இருக்கும் அறையின் சாதாரணப் பூட்டும் இந்தக் காவலில் ஒரு பகுதிதான். மாடிப்படிக்கு அடியில் திறந்த அலமாரியில் சுவிட்சை வைத்திருப்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பொத்தான் வழியையும் அடைத்துவிட ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்துவிட்டால், மீட்க முனைபவருக்குப் பழைய அமைப்பு முழுவதும் அழிந்த வெறும் சுவிட்சே கிடைக்கும். சான் பிரான்சிஸ்கோவில் அந்தப் பொறியாளர் இந்தப் பின்வாசலையும் அடைத்து வைத்திருந்தார். அதனால்தான் அங்கே கருவிகள் கண்முன்னே இருந்தும் கைகட்டி நிற்க நேர்ந்தது.

பழைய சுவிட்சைக் கழித்துவிடும்போதும் இந்தப் பொத்தானை நினைவில் கொள்ளுங்கள். மின்சாரத்தைப் பிடுங்கினாலும் அமைப்புக் கோப்பு அழிவதில்லை; நிலையான நினைவகத்தில் அப்படியே இருக்கும். அதில் அடைபடாத பொத்தான் இருந்து, காயலான் கடையில் அதை வாங்கியவர் அழுத்தினால், பயனர்களின் பெயர்கள், அவர்களின் ஹாஷ்கள், மையக் கணிப்பொறியின் முகவரி, அதனோடு பேசும் இரகசியம் எல்லாம் வாசிக்கக் கிடைக்கும். அந்த இரகசியம் 7ஆம் வகையில் எழுதப்பட்டிருந்தால் அவருக்குத் தாளும் பென்சிலும் போதும். கோப்பை முழுதாக அழிக்கும் கட்டளைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பெட்டியை வண்டியில் ஏற்றுமுன் அதைக் கொடுத்துவிட வேண்டும்.